லீஃப்ஸை விட்டுவிடட்டுமா, அக்கா?

ஸ்காபரோவிலிருந்து 43 வயது வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

1992இல் பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ வந்திருக்கிறார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, சனிக்கிழமை இரவு மட்டும்தான் வீட்டில் இருப்பார். கேபிள் இல்லாத வீடு. அன்ரெனாவில் வந்த சிபிசியில் அப்பாவும் மகனும் ஐஸ் ஹொக்கி பார்த்தார்கள். விதிகள் ஒன்றும் விளங்காமல்தான் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் 1993 மே மாதம் ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸிடம் தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தில் 5-4 என்று தோற்ற இரவு, இருவரும் பக்கத்தில் இருந்து அழுதார்களாம். "கிண்ணம் எடுக்கிறதை ஒருக்கா பார்த்துப்போட்டுத்தான் கண்ணை மூடுவன்" என்பது அப்பாவின் வாய்ப்பாடாகிவிட்டது. லீக்கை வெல்லும் அணிக்குக் கிடைக்கும் ஸ்ரான்லி கிண்ணத்தைத்தான் சொல்வார். அவர் 2021இல் காலமாகிவிட்டார்.

2025 மே 18ஆம் திகதி, சொந்த அரங்கில், புளோரிடா பாந்தர்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் லீஃப்ஸ் 6-1 என்று தோற்றது. வாசகர் கையிலிருந்த ரிமோட்டை எறிய, ரீவி திரை குறுக்கே வெடித்துப்போனது. பதினொரு வயது மகன் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டான். "இந்த வீட்டில் இனி ஹொக்கி வேண்டாம்" என்றிருக்கிறார் மனைவி. கோடை தொடங்கியதும் லீஃப்ஸ் வீரர் மிச் மார்னர் வேகாஸ் அணிக்குப் போன செய்தி வந்தது. மகனின் 16ஆம் இலக்க மார்னர் சட்டையை இவர் குப்பைப் பையில் போட்டிருக்கிறார். அதை மகன் எடுத்து மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பதைப் பிறகு மனைவி கண்டுபிடித்தார்.

மூன்று கேள்விகள் கேட்கிறார். இந்த அணியை ஒரேயடியாக விட்டுவிடட்டுமா? பணத்துக்காக மட்டும் விளையாடும் இவர்களிடம், நண்பர்களோடு சேர்ந்து வாங்கிய சீசன் ரிக்கெற் பணத்தைத் திருப்பிக் கேட்க வழியிருக்கிறதா? எனக்கு இருப்பது ஒரு நோயா? கடைசிப் பந்தியில் கேள்வியாக இல்லாமல் ஒரு வரி: "போனில் கொஞ்சம் பந்தயமும் கட்டினனான், நாலாயிரம் டொலர் வரும், மனிசிக்குத் தெரியாது, அது பெரிய விசயமில்லை."

வணக்கம் தம்பி.

"விளையாட்டுத்தானே, விடுங்கோ" என்று சொல்லி உங்களை அனுப்பிவிட மாட்டேன். இந்த ஊரில் லீஃப்ஸ் ரசிகராக இருப்பவர்களின் மனம் படும் பாடு எனக்குத் தெரியும். கடைசியாகக் கிண்ணம் வந்தது 1967இல். அதற்குப் பிறகு இறுதிச் சுற்றுக்குக்கூடப் போகவில்லை. 2004க்குப் பிறகு ஒரு தொடரையாவது வெல்ல 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் நடந்தவைதான் உங்கள் நெஞ்சில் கிடப்பவை. 2013இல் பொஸ்ரனில் மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னே நின்று, கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கி, மேலதிக நேரத்தில் விழுந்த ஆட்டத்தை மறந்த ரசிகரை நான் கண்டதில்லை. 2021இல் மொன்றியலுக்கு எதிராக 3-1 என்று முன்னிலை, பிறகு மூன்று ஆட்டமும் தோல்வி. 2013இலிருந்து ஏழு முறை ஏழாவது ஆட்டத்துக்குப் போய் ஏழையும் இழந்திருக்கிறார்கள், அவற்றில் நான்கு பொஸ்ரனிடம். புளோரிடாவுடனும் முதல் இரண்டு ஆட்டங்களை வென்றுவிட்டுத்தான் இந்தக் கதி.

எப்போதும் கடைசி இடத்தில் கிடக்கும் அணியின் ரசிகருக்கு ஏமாற்றம் பழகிவிடும். உங்கள் அணி அப்படியில்லை. ஒவ்வொரு வருடமும் நன்றாக ஆடி, உங்களை நம்ப வைத்து, வாசல்வரை கூட்டிப்போய்த் திரும்புகிறது. நோவு கூடுவதற்கு அதுதான் காரணம்.

இது நோயா?

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், இல்லை. உடல் என்ன செய்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மொன்றியல் அணியின் ரசிகர்கள் சிலரின் நாடித்துடிப்பை அளந்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. ரீவியில் பார்த்தவர்களுக்கு 75 சதவீதமும் அரங்கில் இருந்து பார்த்தவர்களுக்கு 110 சதவீதமும் துடிப்புக் கூடியிருந்தது. கதிரையில் அசையாமல் இருப்பவரின் இதயம் கடும் உடற்பயிற்சி செய்பவரின் இதயம்போல அடிக்கிறது என்றால், அந்த வேகம் ஆட்டம் முடிந்ததும் எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும். உங்களுக்கு அது கை வழியாகப் போனது.

இங்கே ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் பொலிஸ் பதிவுகளை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2011இல் வெளியானது. வெல்லும் என்று எதிர்பார்த்த உள்ளூர் அமெரிக்கக் கால்பந்து அணி தோற்ற நாட்களில், வீட்டுக்குள் ஆண்கள் துணைவியர்மீது செய்யும் வன்முறை ஏறத்தாழ 10 சதவீதம் கூடியிருந்தது. தோல்வி முன்கூட்டியே எதிர்பார்க்கப்பட்ட நாட்களில் அந்த உயர்வு இல்லை. நீங்கள் யார் மீதும் கை வைக்கவில்லை, அதை நம்புகிறேன். ஆனாலும் ஒரு பெரிய மனிதர் பொருளை எறிந்து உடைக்கும் அறையில் இருக்கும் பிள்ளைக்கு, அடுத்தது தன் பக்கம் வருமா என்ற பயம் வரும். மனைவி ஹொக்கியை நிறுத்தச் சொன்னதும் இந்தப் பயத்தில்தான். அவர் உங்கள் விருப்பத்தின்மேல் பொறாமைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது பிழையான கணிப்பு.

நித்திரை கெடுவது, வேலையில் மனம் ஒட்டாமல் போவது, ஆட்ட நாட்களில் குடி கூடுவது, வீட்டில் உள்ளவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து நடந்துகொள்வது, இவற்றில் ஏதாவது சீசன் இல்லாத மாதங்களிலும் தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் கட்டணமில்லாத உளவளச் சிகிச்சைக்கு அவர் வழி காட்டுவார்.

அப்பாவைப் பற்றி

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இதுதான். அப்பா காலமானதை ஒரு வாக்கியத்தில் சொல்கிறீர்கள். கொரோனா காலம், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு செத்தவீடு. அடுத்த வாக்கியத்திலேயே எதிரணியில் ஆள் குறையும்போது கிடைக்கும் பவர் பிளே ஏன் சரியாக ஓடவில்லை என்று தொடங்கிவிடுகிறீர்கள்.

அந்தக் காலத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அழுது முடிக்கக்கூட இடம் கிடைக்கவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் போலத் தெரிகிறது. அப்பாவுடன் உங்களுக்கு இருந்த மொழியே ஹொக்கிதான். அவர் பார்க்க ஆசைப்பட்ட கிண்ணத்தை அவருக்காக நீங்கள் பார்த்து முடிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு நேர்த்தி வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் ஒவ்வொரு ஏப்ரலும் மேயும் லீஃப்ஸ் தோற்கும்போது, அப்பாவின் ஆசையை இன்னொரு முறை நிறைவேற்றாமல் விட்டதுபோல உங்களுக்கு வலிக்கிறது. நிறைவேற்றுவது உங்கள் கையில் இல்லாத காரியம் இது. அவர் வைத்த ஆசைக்கு நீங்கள் கடன்காரர் அல்ல.

அம்மா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரோடும் மகனோடும் ஒரு பின்னேரம் இருந்து, அந்தச் சனிக்கிழமை இரவுகளைப் பற்றிக் கதையுங்கள். அன்ரெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்த கதையை மகனுக்குச் சொன்னதுண்டா? அப்பப்பாவும் அப்பாவும் ஏன் இந்த அணியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது. அவன் கண்டது கோபத்தை மட்டும்தான்.

அவர்கள் வேண்டுமென்றே தோற்கிறார்களா?

அரங்கு எப்படியும் நிறைகிறது, அதனால் முதலாளிகளுக்குக் கிண்ணம் தேவையில்லை என்று எழுதுகிறீர்கள். ஹரல்ட் பலார்ட் உரிமையாளராக இருந்த எழுபது, எண்பதுகளைப் பற்றி அப்படிக் கோபப்பட்டவர்களுக்குக் காரணம் இருந்தது. இன்றைய நிலைமை வேறு. 2005இலிருந்து சம்பள உச்சவரம்பு இருக்கிறது. 2024-25 சீசனில் ஓர் அணி வீரர்களுக்குச் செலவழிக்கக்கூடியது 8.8 கோடி அமெரிக்க டொலர் மட்டும். ரொறன்ரோவிடம் எவ்வளவு பணம் இருந்தாலும் அதற்குமேல் போக முடியாது. அதில் பாதியளவை நான்கு வீரர்களுக்குக் கொடுத்தார்கள், அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அந்த முடிவை நீங்கள் தாராளமாகத் திட்டலாம், நானும் உங்கள் பக்கம். ஆனால் பிழையான கணக்குப் போட்டவனையும் ஏமாற்றியவனையும் ஒன்றாக்க வேண்டாம். பதினொரு வருடம் அணி நிர்வாகத்தின் தலைவராக இருந்த பிரெண்டன் ஷனஹானும் அந்தத் தோல்விக்குச் சில நாட்களில் வெளியேறினார். தோல்வி அங்கேயும் ஆட்களைச் சுட்டுத்தான் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. என்எச்எல் எனும் இந்த லீக்கில் 32 அணிகள். எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று வைத்தாலும் ஓர் அணிக்குச் சராசரியாக 32 வருடத்துக்கு ஒரு கிண்ணம்தான். நல்ல அதிர்ஷ்டமும் இல்லாமல் கெட்ட அதிர்ஷ்டமும் இல்லாமல் இருக்கும் ஓர் அணி, 20 வருடம் ஒன்றும் வெல்லாமல் இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். பஃபலோவும் வான்கூவரும் 1970இல் லீக்கில் சேர்ந்தவை, இன்னும் ஒரு கிண்ணமும் இல்லை. கனடாவுக்கு 1993க்குப் பிறகு கிண்ணமே வரவில்லை. எட்மன்ரன் 2024லும் 2025லும் இறுதிவரை போய் அதே புளோரிடாவிடம் தோற்றது. மறுபக்கம், சென் லூயிஸ் அணி 2019 ஜனவரி தொடக்கத்தில் லீக்கின் கடைசி இடத்தில் கிடந்து, ஜூனில் தன் முதல் கிண்ணத்தைத் தூக்கியது. அந்த அணிக்கு அப்போது பயிற்றுநராக இருந்த கிரெய்க் பெரூபேதான் 2024இல் ரொறன்ரோவுக்கு வந்தவர். குறைந்த கோல் விழும் விளையாட்டில் தட்டித் திரும்பும் ஒரு பக், அந்தச் சின்ன ரப்பர் வட்டு, ஏழு மாத உழைப்பைக் கவிழ்த்துவிடும். சாபம் எதுவும் இல்லை. நீங்கள் சட்டை மாற்றி உடுத்ததாலும் தோற்கவில்லை.

ரிக்கெற் பணம் பற்றிக் கேட்டீர்கள். நான் வழக்கறிஞர் அல்ல, ஆனாலும் இதற்குச் சட்ட ஆலோசனைக்குச் செலவழிக்க வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குத் தெரியும். ரிக்கெற் வாங்கும்போது ஓர் ஆட்டத்தைப் பார்க்கும் உரிமையைத்தான் வாங்குகிறீர்கள். ஆட்டம் நடந்துவிட்டால் கதை முடிந்தது. நன்றாக விளையாடவில்லை என்பது பணம் திரும்பக் கேட்கும் காரணம் ஆகாது. பங்கை விற்கவோ மாற்றவோ விரும்பினால், முதலில் ரிக்கெற் யார் பெயரில் இருக்கிறது, ஒப்பந்தத்தில் கைமாற்றுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கடைசிப் பந்தியின் நாலாயிரம்

தம்பி, நீங்கள் பெரிய விசயமில்லை என்று எழுதிய வரிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தொகையைவிட, அது எப்படி வளர்ந்தது என்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டு ஆட்டமும் வென்ற உற்சாகத்தில் தொடருக்கு இருநூறு. மூன்றாவதும் நான்காவதும் போனபின், விட்டதைப் பிடிக்க ஐந்தாவதுக்கு எண்ணூறு. அதுவும் 6-1 என்று போக, ஏழாவதுக்கு மிச்சம் எல்லாம், லைன் ஒஃப் கிரெடிட்டிலிருந்து எடுத்து. விட்டதைப் பிடிக்கத் துரத்துவது, கடன் வாங்கிக் கட்டுவது, வீட்டுக்கு மறைப்பது. சூதாட்டம் கையை மீறத் தொடங்குவதன் அடையாளங்களாக நாங்கள் தேடும் மூன்றும் ஒரே தொடருக்குள் வந்திருக்கின்றன.

உங்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் வரை இந்த நாட்டில் தனி ஓர் ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டவே சட்டத்தில் இடம் இருக்கவில்லை. 2022 ஏப்ரலில் ஒன்ராறியோ தனியார் நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தது. இப்போது இடைவேளைக்கு இடைவேளை அதன் விளம்பரம்தான், உங்கள் மகனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். மனம் சாய்ந்த அணிக்குக் காசு கட்டுபவர் தன் ஆசையை வாய்ப்பென்று எண்ணிவிடுவார். தோற்றால் துக்கமும் நட்டமும் ஒரே நிமிடத்தில் வரும். அன்று ரிமோட் பறந்ததில் அப்பாவுக்கு எவ்வளவு பங்கு, லைன் ஒஃப் கிரெடிட்டுக்கு எவ்வளவு பங்கு என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

முதலில் அந்தச் செயலிகளுக்குள் போய், உங்களை நீங்களே விலக்கிவைக்கும் வசதியைப் போடுங்கள். அனுமதி பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் அதைத் தந்தாக வேண்டும். செயலியை அழிப்பது மட்டும் போதாது, சீசன் தொடங்கும் ஒக்ரோபரில் ஐந்து நிமிடத்தில் திரும்ப இறக்கிவிடுவீர்கள். அப்புறம் கனெக்ஸ் ஒன்ராறியோ என்ற தொலைபேசி உதவிச் சேவை, 1-866-531-2600. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் கதைக்க வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

மனைவியிடம் சொல்லத்தான் வேண்டும். இதைத் தள்ளிப்போட ஆயிரம் காரணம் வரும். வங்கிக் கடிதத்தில் அவர் கண்டுபிடிக்கும் நாளும் நீங்களாகச் சொல்லும் நாளும் ஒன்றல்ல. முழுத் தொகையையும் சொல்லுங்கள், கடனை எந்த மாதத்துக்குள் கட்டி முடிப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். "லீஃப்ஸ் வென்றிருந்தால்" என்று அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டாம். அவர் கோபப்படுவார், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. அன்றே சமாதானமாகிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

மெத்தைக்கு அடியில் இருக்கும் சட்டை

மார்னரைத் துரோகி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் பிறந்த பிள்ளை. ஒன்பது சீசன் இங்கே ஆடினார். கடைசி சீசனில், போட்ட கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து, 102 புள்ளி. கிண்ணத்துக்கான பிளே ஓஃப் ஆட்டங்களில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பது உண்மை, அதற்காக இந்த ஊர் அவரைப் படுத்திய பாடும் உண்மை. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி இன்னொரு இடத்தில் வேலைக்குப் போனார். நீங்களும் முந்தின வேலையை அப்படித்தான் மாற்றினீர்கள்.

இருந்தாலும் இது மார்னரைப் பற்றிய விசயமே அல்ல. பதினொரு வயதில் ஒரு வீரரைப் பிடித்துப்போவது பெரிய சந்தோசம். அந்த நாளில் லீஃப்ஸுக்கு ஆடிய கில்மோரை உங்களுக்குப் பிடித்திருந்ததே, அதே சந்தோசம். அதைக் குப்பைப் பையில் போட்டதும், தான் நேசிப்பதை அப்பாவிடம் மறைக்க வேண்டும் என்று அவன் கற்றுக்கொண்டான். அவன் அறைக்குப் போய், அவன் பக்கத்தில் இருந்து, நீங்கள் ரிமோட்டை எறிந்ததும் பிழை, சட்டையைக் குப்பையில் போட்டதும் பிழை என்று சொல்லுங்கள். "லீஃப்ஸ் தோற்றதாலதான்" என்று காரணம் சேர்க்க வேண்டாம். சட்டையை அவன் எங்கே வைத்திருக்கிறான் என்று தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். அது உன்னுடையது, நீ போடலாம் என்றால் போதும். அவன் வெளியே எடுக்கும்போது எடுக்கட்டும்.

விடுவதா, இருப்பதா

ஒரேயடியாக விட்டுவிடுவதாகச் சபதம் எடுத்தால் முதல் மாதம் நிம்மதியாக இருக்கும். ஆனால் அப்பாவோடு சேர்ந்த முப்பது வருடத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்ததுபோல ஆகிவிடும், ஒரு நல்ல வெற்றி வந்ததும் ஒளித்துப் பார்க்கத் தொடங்குவீர்கள். இதுவரை இருந்ததுபோலவே தொடர்வதும் சரிவராது, வீடு தாங்காது. அதனால் அடுத்த சீசனுக்கு மட்டும் என்று ஒரு முடிவு எடுங்கள். ரிக்கெற் பங்கை நண்பர்களிடம் கொடுத்து, அந்தக் காசைக் கடனுக்குக் கட்டுங்கள். பந்தயம் அறவே இல்லை. பிளே ஓஃப் ஆட்டங்களில் இடைவேளைதோறும் எழும்பி வெளியே நடந்துவிட்டு வாருங்கள். ஆட்டம் முடிந்ததும் ரீவியை நிறுத்திவிடுங்கள், நள்ளிரவுவரை விமர்சனம் கேட்டுக்கொண்டு இருப்பதுதான் கோபத்தை மறுநாள் காலைவரை கொண்டுபோகிறது. மனைவி இதற்குச் சம்மதிக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். முதல் சில மாதங்கள் வீட்டில் வேண்டாம் என்றால், நண்பர் வீட்டில் பாருங்கள்.

பிள்ளைக்கு நேரில் ஹொக்கி காட்ட ஆசை இருந்தால், லீஃப்ஸ் ரிக்கெற் விலைக்கு ஓடத் தேவையில்லை. எக்ஸிபிஷன் பிளேஸில் இருக்கும் கோக்கா கோலா கொலிசியத்தில் மார்லீஸ் ஆடுகிறது, லீஃப்ஸுக்கு வரப்போகும் பெடியன்களில் பலர் அங்கேதான் வளர்கிறார்கள். 2024இல் தொடங்கிய பெண்கள் லீக்கின் ரொறன்ரோ அணியான செப்ரர்ஸுக்கும் அதே அரங்குதான். சின்ன அரங்கு, பக் பலகையில் மோதும் சத்தம் காதுக்குள் கேட்கும். எதைப் பார்க்கப் போகலாம் என்று மகனையே கேளுங்கள். இந்த வருடம் ஹொக்கியே வேண்டாம் என்று அவன் சொன்னால், வேறு எங்கே போக விருப்பம் என்று கேட்டு அங்கே கூட்டிப்போங்கள்.